மட்டக்களப்பு, அம்பாறையில் வங்குரோத்து வழக்கேடு தேடுவது எப்படி?

கடன் வாங்கியவர் கையை விரிக்கிறார். "நான் வங்குரோத்து, நீதிமன்றத்தில் பதிந்தாகிவிட்டது, இனி என்னிடம் கேட்டுப் பயனில்லை" என்கிறார். அல்லது நீங்கள் நெல் கொடுத்த ஆலையின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. கம்பனியைக் கலைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அது உண்மையா? உண்மையென்றால் எந்த நீதிமன்றம், என்ன வழக்கு இலக்கம், வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

நெல் விற்ற பணத்துக்காக எங்கள் குடும்பம் இந்த வழியில் அலைந்தபோது ஒவ்வொரு கருமபீடமும் அடுத்த கருமபீடத்தைக் கைகாட்டியது. முழு வழியையும் சேர்த்துச் சொல்ல ஒருவர் கிடைக்கவில்லை. இன்னொரு குடும்பம் அப்படி அலையக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வங்குரோத்தானவர்களின் பெயர்களையெல்லாம் தட்டிப் பார்க்கக்கூடிய ஒரே இணையப் பட்டியல் இலங்கையில் கிடையாது. பதிவுகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே வரிசை முக்கியம்; கீழே உள்ள ஒழுங்கிலேயே போங்கள்.

1. ஆளா, கம்பனியா?

இதற்கு விடை தெரியாமல் பஸ் ஏறாதீர்கள். போகவேண்டிய நீதிமன்றமே இதை வைத்துத்தான் மாறுகிறது.

உங்களிடமுள்ள பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே "ஸ்டோர்ஸ்", "டிரேடர்ஸ்", "அன் சன்ஸ்" என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது ஒருவரோ பங்காளிகள் சிலரோ நடத்தும் வியாபாரம். கடை என்ன பெயரில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் கடனாளி அந்த மனிதரே. "பிரைவேட் லிமிடெட்" என்று இருந்து, அருகில் "பீ.வி." என்று தொடங்கும் இலக்கமும் இருந்தால் அது கம்பனி. முதலாளி என்று நீங்கள் நம்பியவர் அதில் ஒரு பணிப்பாளர் மட்டுமே.

தனி மனிதரின் வங்குரோத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் அந்த அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கே கொடுக்கிறது. பின்பற்றும் நடைமுறை 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது.

கம்பனியின் கதை வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கலைப்பு மனுவை விசாரிப்பது, குடியியல் அதிகாரம் வழங்கப்பட்ட மாகாண மேல் நீதிமன்றம். அப்படி அதிகாரம் பெற்ற நீதிமன்றம் இல்லாத மாகாணத்துக் கம்பனிகளின் மனுக்கள் மேல் மாகாணத்துக்குப் போகின்றன. அதனால் ஆலை சம்மாந்துறையில் இருந்தாலும், அலுவலகம் மட்டக்களப்பு நகரில் இருந்தாலும், வழக்குக் கோவை இருப்பது கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில். மட்டக்களப்பு நீதிமன்றத்தில் "அப்படியொரு வழக்கு இங்கே இல்லை" என்று சொன்னால் அது உண்மையான பதில்தான். ஆனால் அது பாதிப் பதில். மீதியை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கூட்டுறவுச் சங்கம் என்றால், கலைப்பைக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் விசாரியுங்கள். அனுமதிபெற்ற நிதிக் கம்பனியில் வைப்பிட்ட பணம் என்றால், முதலில் மத்திய வங்கியின் அறிவித்தல்களைப் பாருங்கள். அங்கே வைப்புக் காப்புறுதியின் கீழ் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. வழக்கேட்டைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

2. பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

நீதிமன்றப் பதிவேட்டில் வழக்குகள் தாக்கல் செய்த திகதி ஒழுங்கில்தான் ஏறுகின்றன, அகரவரிசையில் அல்ல. அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து அதில் தேட முடியாது. பெயரும் ஆண்டும்தான் உங்கள் திறவுகோல்.

எங்கள் பக்கத்துப் பெயர்களின் தொல்லை உங்களுக்குத் தெரியும். கணபதிப்பிள்ளை என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு "ப்" விழுந்துவிடும், அல்லது ஒன்று கூடிவிடும். முகம்மது, முகமட், முஹம்மத் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னே இருக்கும், இன்னோரிடத்தில் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். ஊரில் வழங்கும் பெயருக்கும் அடையாள அட்டைப் பெயருக்கும் சம்பந்தமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தகப்பன் பெயர், முகவரி, கடைப்பெயர், கடைசியாகக் காசு கொடுத்த மாதம் ஆகியவற்றையும் சேருங்கள். கருமபீடத்தில் வாயால் சொல்வதைவிட அந்தத் தாளை நீட்டுவது பத்து மடங்கு பயன் தரும்.

வியாபாரப் பெயரின் உரிமையாளர் யார் என்பதை அது பதியப்பட்ட பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பணிப்பாளர் விபரங்களுக்கும் பதிவு முகவரிக்கும் கட்டணம் செலுத்திப் பிரதி எடுங்கள்.

இங்கே கவனம் தேவை. பதிவேட்டிலிருந்து கம்பனியின் பெயர் நீக்கப்பட்டிருப்பது வேறு, நீதிமன்றம் கலைப்புக் கட்டளை வழங்கியிருப்பது வேறு. ஆண்டறிக்கை கொடுக்காமல் விட்ட கம்பனியின் பெயரும் நீக்கப்படலாம். "கம்பனி இப்போது இல்லை" என்று யாராவது சொன்னால் இரண்டில் எது என்று கேளுங்கள்.

3. வர்த்தமானியைப் புரட்டுங்கள்

செலவில்லாத படி இது. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பார்க்கலாம். கம்பனி கலைப்பு அறிவித்தல்களும், வங்கிகள் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்பதற்கான பணிப்பாளர் சபைத் தீர்மானங்களும் அதில் வருகின்றன. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை விற்க முடியும். அந்தத் தீர்மானத்தை வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கில நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். உங்கள் கடனாளியின் வீடோ ஆலையோ இந்த வழியில் போய்க்கொண்டிருந்தால் நீதிமன்றத்தில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் அகப்படாது.

தனி மனிதரின் வங்குரோத்து அறிவித்தல் கிடைத்தால், அதில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் இரண்டு பகிரங்க அமர்வுகளுக்கான திகதிகள் ஆகியவற்றைத் தேடுங்கள். கடன்கொடுத்தவர்கள் முன்வரவேண்டிய நாள்கள் அவை. அப்பக்கத்தைப் பதிப்பு இலக்கமும் திகதியும் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள்.

4. மாவட்ட நீதிமன்றத்தின் பதிவகம்

எந்த நீதிமன்றம்? கடனாளி வசித்த அல்லது தொழில் நடத்திய இடத்தை வைத்துத் தொடங்குங்கள். காத்தான்குடிக்கு மட்டக்களப்பு, ஓட்டமாவடிக்கு வாழைச்சேனை, மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் கல்முனை, அட்டாளைச்சேனைக்கு அக்கரைப்பற்று. அம்பாறை நகரில் தனி நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றங்களின் எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பழைய வழக்கு பழைய நீதிமன்றத்திலேயே தங்கியிருக்கலாம். ஓரிடத்தில் இல்லையென்றால் பக்கத்து நீதிமன்றத்தையும் கேளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, அதன் பிரதி, மேலே சொன்ன பெயர்த் தாள், கடனை நிரூபிக்கும் பற்றுச்சீட்டு அல்லது காசோலைப் பிரதி, வர்த்தமானிப் பக்கம் இருந்தால் அதுவும். பற்றுச்சீட்டு எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் வழக்கின் தரப்பினர் அல்லர். உங்களுக்கு அந்தக் கோவையில் என்ன அக்கறை என்பதற்குப் பதிவாளர் ஒரு காரணம் எதிர்பார்ப்பார். அந்தத் துண்டுதான் காரணம்.

காலையில் திறந்த நீதிமன்றம் தொடங்கும் நேரத்தில் பதிவக உத்தியோகத்தர்களைப் பிடிக்க நினைக்காதீர்கள். அன்றைய வழக்கேடுகளை மேசைக்கு அனுப்புவதில் அவர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். வழக்குகள் குறைந்த பிறகு போனால் நின்று பதில் சொல்வார்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் டிசம்பர் கடைசியிலும் நீதிமன்ற விடுமுறை வரும். அந்தக் கிழமைகளைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

வாசலில் "பைலை நான் எடுத்துத் தருகிறேன்" என்று அணுகுபவர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கும் பணம் எதுவும் நீதிமன்றக் கட்டணம் அல்ல.

5. வங்குரோத்துக் கோவை இல்லையா? பண வழக்கைத் தேடுங்கள்

அனுபவத்தில் நான் கண்ட மிகப் பெரிய பொறி இதுதான். "வங்குரோத்து" என்று வாயால் சொல்லிக்கொள்ளும் பலர் நீதிமன்றத்தால் அப்படிப் பிரகடனம் செய்யப்பட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் மீது வேறு கடன்காரர்கள் வழக்குப் போட்டிருப்பார்கள். அந்த வழக்கேடுகள் உங்களுக்கு வங்குரோத்துக் கோவையளவு பயன்படும்.

மாவட்ட நீதிமன்ற வழக்கு இலக்கங்களோடு ஓர் ஆங்கில எழுத்து வரும். பண வழக்குக்கு எம் (M), காணி வழக்குக்கு எல் (L), பாகப்பிரிவினைக்குப் பி (P), மரணசாதன வழக்குக்கு டி (T). நீங்கள் பார்க்கவேண்டியது எம் பதிவேடு. அதோடு வங்கிகள் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் போடும் வழக்குகளையும் தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள். எதிராளி பெயருக்குக் கீழே விரலை ஓட்டி, கடன் முடங்கிய ஆண்டிலிருந்து முன்னும் பின்னும் சில ஆண்டுகளைப் பாருங்கள்.

பழைய தீர்ப்பு என்று தள்ளிவிடாதீர்கள். குடியியல் தீர்ப்பாணை ஒன்றை 10 ஆண்டுகள் வரை நிறைவேற்றக் கேட்கலாம். ஏழு ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பாணையை வைத்திருக்கும் இன்னொரு கடன்காரர் உங்களுக்கு முன்பே கடனாளியின் சொத்தைக் கைப்பற்றிவிடக்கூடும்.

கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை எடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது வங்கிக் கடன்களைப் பற்றியது, நீதிமன்றப் பதிவு அல்ல. அதோடு உங்கள் அறிக்கையை நீங்கள் எடுக்கலாம். அடுத்தவருடையதை நீங்கள் கேட்டு வாங்க முடியாது.

6. கோவை கையில் வந்ததும் எதைப் பார்ப்பது

தடித்த கோவையைக் கண்டு மலைக்க வேண்டாம். முன்பகுதியில் நாளாந்தப் பதிவுகள் இருக்கும்: திகதி, அன்று யார் தோன்றினார்கள், நீதிபதி என்ன கட்டளையிட்டார், அடுத்த தவணை எப்போது. கடைசிப் பதிவிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். வழக்கு உயிரோடு இருக்கிறதா, இணக்கமாகி முடிந்ததா, வழக்காளி வராமல் தள்ளுபடியானதா என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்.

வங்குரோத்துக் கோவை என்றால் நான்கு தாள்கள் முக்கியம். முதலாவது, மனுவும் கடனாளியின் சொத்து, கடன் பட்டியலும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, தொகை சரியா என்று பாருங்கள். அடுத்தது, அவரை வங்குரோத்தானவர் என்று தீர்மானித்த கட்டளை. மனு போட்டதற்கும் கட்டளை கிடைத்ததற்கும் இடையில் மலையளவு வித்தியாசம் உண்டு. மனுவின் பிரதியைக் காட்டி "எல்லாம் முடிந்தது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மூன்றாவது, சொத்துகளைப் பொறுப்பேற்றவரின் நியமனம். பணம் கேட்டு நீங்கள் எழுதவேண்டியது அவருக்குத்தான். நான்காவது, சான்றிதழ். நொடிப்பு தவிர்க்க முடியாத நட்டத்தால் வந்ததா, ஓரளவுக்குத்தான் அப்படியா, அல்லவே அல்லவா என்பதைப் பொறுத்துச் சான்றிதழில் மூன்று வகுப்புகள் இருக்கின்றன. முதலாம் வகுப்புச் சான்றிதழ் பெற்றவரைப் பற்றி ஊரில் அவதூறு பேசுவது அநியாயம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மொழியும் ஒரு தடை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பதிவுகள் தமிழில் இருக்கும், பழையவை ஆங்கிலத்தில் இருக்கலாம். அம்பாறை நகரக் கோவைகளில் சிங்களம் வரலாம். கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் ஆங்கிலம். வேறொரு நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டுமே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கோவை முழுவதையும் மொழிபெயர்க்கச் சொன்னால் அந்தச் செலவே கடன் தொகையை எட்டிவிடும். கட்டளையையும் பட்டியலையும் மட்டும் கொடுங்கள்.

7. உறுதிப்படுத்திய பிரதி: செலவும் காலமும்

கைப்பேசியில் எடுத்த படம் எங்கும் செல்லாது. அனுமதியில்லாமல் எடுத்தால் வேறு சிக்கலும் வரும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி, பார்வையிட உரிமையுள்ள பகிரங்க ஆவணத்தின் பிரதியை உரிய கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். பிரதியின் அடியில் "உண்மைப் பிரதி" என்ற உறுதிமொழி, திகதி, அலுவலரின் பெயர், பதவி, கையொப்பம், நீதிமன்ற முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். கருமபீடத்தை விட்டு நகருமுன் ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் முத்திரை விடுபட்டிருந்தாலும் திரும்ப வரவேண்டியிருக்கும்.

தரப்பினர் அல்லாதவர் பிரதி கேட்பதானால் சட்டத்தரணி ஊடாகப் பிரேரணை, அதாவது நீதிபதியிடம் எழுத்தில் வைக்கும் வேண்டுகோள், தாக்கல் செய்வதே தடங்கல் குறைந்த வழி. பிரேரணையில் வழக்கு இலக்கம், எந்தத் திகதிக்குரிய எந்த ஆவணம், எதற்காகத் தேவை என்பவற்றைத் துல்லியமாக எழுதச் சொல்லுங்கள். "முழு வழக்கேடும்" என்று எழுதினால் செலவும் கூடும், காலமும் இழுபடும். நீதிபதி அனுமதித்த பிறகே பிரதி எடுக்கும் வேலை தொடங்கும். கோவை பதிவறையின் அடுக்கில் இல்லாமல் மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால் அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிரதிக் கட்டணமும் முத்திரையும் சிறிய தொகைகள். பெரிய செலவு சட்டத்தரணியின் கட்டணம். பிரேரணைக்கு மட்டும் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை நிலையங்களை நாடலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலர் குறுக்குவழியாக நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் நீதிமன்றங்களையும் பகிரங்க அதிகாரசபைகளாகவே கொள்கிறது. ஆனால் முடிவு சொல்ல 14 வேலை நாள்கள், சம்மதித்தபின் தகவல் தர மேலும் அவகாசம், நீடிப்புக் கேட்டால் மேலும் 21 நாள்கள் என்று காலம் போகும். வழக்கேட்டுக்குப் பிரேரணையே சிறந்தது. பிரதேச செயலகம் போன்ற அலுவலகங்கள் வாய் திறக்காதபோது இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2017ஆம் ஆண்டின் கட்டண விதிகளில் ஏ4 தாளின் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபாய்தான்.

8. கோவை கொழும்பில் இருந்தால்

இரவு பஸ்ஸில் ஏறுமுன் வழக்கு இலக்கம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏறாதீர்கள். வர்த்தமானி, கம்பனிப் பதிவாளர் திணைக்களக் கோவை இரண்டிலும் தேடினால் இலக்கமோ, கலைக்கப்படும் கம்பனியின் சொத்தைப் பொறுப்பேற்கும் கலைப்பாளரின் பெயரோ அகப்படக்கூடும். கலைப்பாளரின் முகவரி கிடைத்துவிட்டால் பயணமே தேவைப்படாமல் போகலாம். உங்கள் கடனுக்கான ஆதாரங்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கோரிக்கைகளை ஏற்பதற்கு அவர் குறிக்கும் கடைசித் திகதியைத் தவறவிடாதீர்கள். கலைப்புக் கட்டளை வந்த பிறகு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தக் கம்பனிக்கு எதிராக மட்டக்களப்பில் புது வழக்குப் போட முடியாது. இதைத் தெரியாமல் இங்கே வழக்குச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

போகத்தான் வேண்டுமென்றால் ஒரே பயணத்தில் நீதிமன்றத்தையும், கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தையும் முடித்துவிடுங்கள்.

9. காணிப் பதிவகம்

கடனாளியின் பெயரில் காணி இருந்தால் இந்தப் படியை விடாதீர்கள். உறுதி இலக்கம் அல்லது பதிவேட்டின் தொகுதி, பக்க இலக்கங்கள் தெரிந்தால் மட்டக்களப்பு, கல்முனைக் காணிப் பதிவகங்களில் தேடல் விண்ணப்பம் கொடுத்துப் பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம். ஈடு, நீதிமன்றக் கைப்பற்றல் அறிவித்தல், நிலுவையிலுள்ள வழக்கு பற்றிய அறிவித்தல் ஆகியவை அதே பக்கங்களில் வரிசையாகப் பதியப்பட்டிருக்கும். கைப்பற்றல் அறிவித்தலில் வழக்கு இலக்கம் எழுதியிருப்பார்கள். எம் பதிவேட்டில் அகப்படாத வழக்கு இங்கே அகப்படுவது உண்டு. வங்குரோத்து மனுவுக்குச் சற்று முன்னர் மனைவிக்கோ மைத்துனருக்கோ நன்கொடை உறுதி எழுதப்பட்டிருந்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

10. தேடும்போது உங்கள் சொந்தக் காலம் ஓடுகிறது

வழக்கேட்டைத் தேடுவது உங்கள் கடனுக்கான காலவரையறையை நிறுத்தி வைக்காது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில் உள்ள வாக்குறுதிக்கு 6 ஆண்டுகள், எழுத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு 3 ஆண்டுகள், ஈட்டுக்கு 10 ஆண்டுகள். கடைக்குக் கொடுத்த சரக்குக்கும் புத்தகக் கணக்குக்கும் ஓர் ஆண்டு மட்டுமே. எங்கள் பக்கத்தில் நெல்லும் மீனும் பாலும் பெரும்பாலும் கொப்பிக் கணக்கில்தான் கைமாறுகின்றன. ஆகவே இந்த ஓர் ஆண்டு பலரைப் பிடிக்கும். கடனாளி இடையில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ காலம் புதிதாக எண்ணப்படலாம். அந்தத் துண்டையோ கடிதத்தையோ தேடி எடுங்கள். பிரதி கையில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம். கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு முதல் கிழமையிலேயே சட்டத்தரணியைப் பார்த்து, உங்கள் கடனுக்குக் கடைசி நாள் எது என்று எழுதி வாங்குங்கள்.